இருநூறு வருஷத்து நீலம்

நீலப் பூ பழுப்பாகிக்கொண்டிருந்தது.

டீச்சர் நாற்காலி மேல் ஏறி நின்று, கையில் ஸ்பிரே பாட்டிலோடு அதைப் பார்த்தாள். முதலில் கீழே இருந்த பூ. பிறகு அதற்கு மேலே இருந்தது. படத்தின் கீழ்ச் சட்டத்தில் ஒரு சின்ன இடுக்கு. கண்ணாடியைத் துடைக்க அவள் அடித்த திரவம் வழிந்து, அந்த இடுக்கில் புகுந்து, இப்போது தாளில் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

வேகம் நிமிஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர். நுண்புழை ஏற்றம். வகுப்பில் இதைச் சாக்பீஸும் மையும் வைத்துக் காட்டுவாள். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

"ஐயோ!" என்று அவள் கத்தியபோது மூன்றாவது பூவும் போயிருந்தது.

படத்தைக் கழற்றித் தரையில் படுக்கவைத்தாள். நான்காவது பூ தேநீர் நிறத்துக்கு வந்து நின்றது. கிளையின் உச்சியில் இருந்த ஐந்தாவது பூ மட்டும் தப்பியது.

கடையில் விற்கிற கண்ணாடி ஸ்பிரேயில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவும் கலவையைத் தானே தயாரித்திருந்தாள். வெந்நீர், சலவை சோடா. அதாவது காரம். அந்தக் காலத்துப் படங்களில் தீட்டிய நீலம் பெரும்பாலும் பிரஷ்யன் நீலம். அதற்குக் காரம் ஆகாது, பட்டால் நிறம் செத்துவிடும். இதையும் அவள் வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறாள். அடிக்கோடு இட்டு.

செல்போன் அடித்தது. கணவன், ஆஸ்பத்திரியிலிருந்து.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அப்பா தெளிவா இருக்கார். கண்ணைக் கட்டிப் போட்டிருக்காங்க, மொத வார்த்தையே என்ன கேட்டார் தெரியுமா?"

"என்ன கேட்டார்?"

"படம் நேரா மாட்டியிருக்கான்னு."

டீச்சர் தரையைப் பார்த்தாள். "இப்போதைக்குப் படுத்திருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

-

அது கானாவாழைச் செடியின் படம். ஈரமான இடமெல்லாம் முளைக்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத காட்டுச்செடி. அதை யாரோ ஒருவர் இருநூறு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்து, செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கியிருந்தார். கறுப்புக் கோடுகள் தகட்டிலிருந்து அச்சானவை. மேலே இருந்த வண்ணம் ஒவ்வொரு தாளிலும் கையால் தீட்டியது.

மாமனாரின் அப்பா புத்தக பைண்டிங் கடை வைத்திருந்தார். கறையான் தின்ற பெரிய புத்தகம் ஒன்றைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு, அதிலிருந்து உதிர்ந்த ஒரு தாளை அதன் சொந்தக்காரர் அன்பளிப்பாகத் தந்தார். அன்றிலிருந்து அது இந்த வீட்டின் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

மாமனார் எடை, அளவை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பல் தேய்த்ததும் ரசமட்டத்தை எடுத்துவந்து படத்தின் மேல்சட்டத்தில் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நின்றால்தான் அன்றைய நாள் தொடங்கும். யார் வந்தாலும் படத்துக்கு எதிரே நிறுத்திவைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரே பேச்சை ஒரே இடைவெளிகளோடு பேசுவார்.

"இருநூறு வருஷம்."

இடைவெளி.

"இது மெஷின் வெச்ச நீலம் இல்லை. கை வெச்ச நீலம்."

பெரிய இடைவெளி.

"அதுக்கப்புறம் இன்னொரு கை இதுல பட்டதே இல்லை."

தண்ணீர் கேன் போடுகிறவர் இருபது லிட்டர் கேனைத் தோளில் சுமந்தபடியே இதை மூன்று தடவை கேட்டிருக்கிறார்.

கண்ணாடியைத் துடைக்கக்கூட மாமியாருக்கு அனுமதி கிடையாது. மகனுக்கும் கிடையாது. மருமகள் வந்த பிறகுதான் ஒரு விதிவிலக்கு உண்டானது. "விஞ்ஞானம் படிச்ச கை. அது தொடலாம்" என்று மாமனார் தீர்ப்பு சொன்னார். வருகிறவர்களிடம் படத்தைக் காட்டியதும் அடுத்ததாக அவளைத்தான் காட்டுவார். "என் மருமக. கெமிஸ்ட்ரி டீச்சர்." டீச்சர் கூச்சத்தில் கதவுக்குப் பின்னால் பாதி உடம்போடு நின்று வணக்கம் சொல்வாள். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

வரும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அருங்காட்சியகத்திலிருந்து ஒரு நிபுணர் வருகிறார். பழைய பூப்படங்களுக்குக் கண்காட்சி நடத்தப்போகிறார்கள். படம் பிடித்திருந்தால் முதல் சுவரில் மாட்டுவார்கள். கீழே குடும்பத்தின் பெயர் இருக்கும். மாமனார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். புதுச் சட்டை தைத்தாகிவிட்டது. படத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கண்புரை ஆபரேஷனுக்கும் ஒத்துக்கொண்டார்.

இன்றைக்குச் செவ்வாய்.

-

காரம் கெடுத்ததை அமிலம் சரிசெய்யும். டீச்சர் அப்படித்தான் யோசித்தாள். பரீட்சையில் இதற்கு இரண்டு மதிப்பெண்.

சட்டத்தின் ஆணிகளைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து, தாளை வெளியே எடுத்தாள். சொட்டுக்குழாயில் வினிகரை எடுத்து, முதல் பூவின் மேல் ஒரே ஒரு சொட்டு விட்டாள்.

பூ பொங்கியது.

இருநூறு வருஷப் பூ, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைத்து, நுரை அடங்கியதும் பழுப்பாகவே இருந்தது. ஆனால் ஈரம் மட்டும் பரவி இலைகளுக்குப் போனது. நீலமும் மஞ்சளும் கலந்து தீட்டிய பச்சை அது. நீலம் விடைபெற்றுக்கொள்ள, இலைகள் மஞ்சள் காமாலை வந்தவை போல வெளுத்தன.

அவசரமாக வாலைவடிநீரில் அலசினாள். அலசியதைக் காயவைக்க ஹேர் டிரையரைப் பிடித்தாள். தாள் நாலு மூலையும் தூக்கிக்கொண்டு, படகு மாதிரி ஆகி மேஜையில் ஆடியது. அதைத் தட்டையாக்கச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே ஆறு பாடப்புத்தகங்களை அடுக்கினாள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது தாள் தட்டையாக இருந்தது. பின்பக்கத்தில், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி, "மூட்டு வலியா?" என்று செய்தித்தாள் விளம்பரம் அச்சாகியிருந்தது.

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் கணவன் வந்தான். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அப்பாவையும் அம்மாவையும் உள்ளறைக்கு அழைத்துப் போய்விட்டு வந்தவன், படுக்கையறைக் கதவைச் சாத்தி, தாளைக் கையில் வாங்கி, முன்னே பார்த்தான், பின்னே பார்த்தான்.

"மூட்டு வலியான்னு கேக்குது."

"ரப்பர் வெச்சு அழிச்சா போயிடும். முன்பக்கத்தைப் பாருங்க."

"பாத்தேன். இந்த நாலு பூவும் பூவா, இல்ல கரப்பானா?"

அவள் அழ ஆரம்பித்தாள்.

"சரி சரி, அழாதே. அப்பாகிட்ட சொல்லிடலாம்."

"விஞ்ஞானம் படிச்ச கைன்னு சொன்னாருங்க. முப்பத்தாறு வருஷத்துல அத்தைக்குக் கூடக் குடுக்கலை. எனக்குக் குடுத்தார். நான் எந்த முகத்தோட சொல்வேன்?"

அவன் தாளை மேஜையில் வைத்தான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கணும். எங்க கடைக் கண்ணாடிதான். இருக்கறதுலயே கறுப்பா ஒண்ணு எடுத்துக் குடுத்திருக்கேன். அதைப் போட்டுக்கிட்டுப் பாத்தா என்னையே அவருக்கு அடையாளம் தெரியலை."

"சுவத்துல ஒண்ணுமே இல்லைன்னா தெரியுமே?"

"ஏதாவது இருக்கும்" என்றான் அவன்.

-

போன வருஷம் அவன் படத்தைச் செல்போனில் ஒரு போட்டோ எடுத்திருந்தான். அதைக் கலர் பிரிண்ட் போட்டு, சட்டத்துக்குள் வைத்து, சுவரில் மாட்டினான். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது. நீலமெல்லாம் ஊதாவாக இருந்தது. நடுவில் ஃபிளாஷ் பட்ட வெள்ளைப் பொட்டு. இடது கீழ் மூலையில் அவனுடைய கட்டை விரல்.

புதன்கிழமை காலை மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு சுவரைத் தடவிக்கொண்டு வந்து, ரசமட்டத்தைச் சட்டத்தின் மேல் வைத்தார்.

"குமிழி எங்க நிக்குது?"

"நடுவுல, மாமா."

"நல்லது." கொஞ்சம் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தார். "மூலையில என்னம்மா அது, தடியா?"

டீச்சர் கட்டை விரலைப் பார்த்தாள். "அது... கண்ணுல விடற சொட்டு மருந்து மாமா. ரெண்டு நாளைக்கு அப்படித் தெரியும்."

"நடுவுல வெள்ளையா ஒரு வட்டம்?"

"அதுவும் மருந்துதான்."

"பெரிய மருந்தா இருக்கே" என்று அவர் போய் உட்கார்ந்தார்.

கண்ணை விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்றும் பேச்சு நடந்தது. "இருநூறு வருஷம். மெஷின் வெச்ச நீலம் இல்லை." பக்கத்து வீட்டுக்காரர் மூலையில் இருந்த கட்டை விரலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது கை வெச்சது." "தெரியுது தெரியுது" என்றார் அவர்.

மாமியார் வீட்டில் அதிகம் பேசாதவர். அவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்து ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"ஏம்மா, வீடெல்லாம் வினிகர் வாசனை அடிக்குதே?"

"தரை துடைச்சேன் அத்தை."

"வினிகர்லயா?"

"ஸ்கூல்ல அப்படித்தான் துடைப்போம்."

மாமியார் தரையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், போய்விட்டார்.

-

இனி ஒரே வழிதான். திரும்பத் தீட்டுவது.

டீச்சர் வாழ்க்கையில் வரைந்ததெல்லாம் கல்லூரி ரெக்கார்டு நோட்டில்தான். வேரின் குறுக்குவெட்டு, தண்டின் குறுக்குவெட்டு. தூரிகை பிடித்ததே இல்லை. வாட்டர்கலர் டியூப்புகளும் மெல்லிய தூரிகைகளும் வாங்கிவந்தாள். விடுமுறைக்காலம், பள்ளி ஆய்வகம் காலியாக இருந்தது. சாவி அவளிடம்தான்.

மாதிரிக்கு, தப்பிப் பிழைத்த உச்சிப் பூவை வைத்துக்கொண்டாள். கணவன் கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியில் அதைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஒன்றும் விளங்கவில்லை. அப்பியது போல ஒரே தடிப்பான நீலம். கானாவாழைப் பூவுக்கு மேலே இரண்டு பெரிய இதழ், கீழே வெளிறிப்போன சின்ன இதழ் ஒன்று. இந்தப் பூவில் மூன்றுக்கும் ஒரே அடர்த்தி.

'பழைய ஆட்களுக்கு ஏதோ காரணம் இருந்திருக்கும்' என்று பயபக்தியோடு நினைத்துக்கொண்டாள். ஆனால் அதைப் பார்த்துத் தீட்டினால் கை நகரவில்லை.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே, சுற்றுச்சுவர் ஓரத்துச் சாக்கடைப் பக்கம், அது பூத்திருப்பதைப் பார்த்தாள்.

உயிருள்ள கானாவாழை. யாரும் வைக்காதது, யாரும் தண்ணீர் ஊற்றாதது. குனிந்து கிள்ளி எடுத்து, சோதனைக்குழாயில் தண்ணீர் ஊற்றிச் செருகி, மேஜையில் வைத்தாள். நீலம் என்றால் என்ன என்று அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. விளிம்பில் ஒரு நீலம், நரம்போரத்தில் ஒரு நீலம், காம்புக்கு அருகே நீலமே இல்லை.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பூ காலையில் விரிந்தால் பதினொரு மணிக்குள் சுருண்டு கூழாகிவிடும். மாடல் தினமும் நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். அதற்குமேல் ஒரு நிமிஷம் நிற்காது.

முதல் நாள் வடிதாளில் பழகினாள். வண்ணம் விட்ட இடத்தில் பூ பூசணிக்காய் அளவுக்குப் பரவியது. பிறகு தடிமனான தாளுக்கு மாறினாள். பதினைந்தாவது பூ பூவைப் போல இருந்தது. முப்பதாவது பூவின் பக்கத்தில் நிஜப் பூவை வைத்துப் பார்த்தாள். ஜன்னல் வழியாக உள்ளே வந்த ஒரு சின்னப் பூச்சி இரண்டுக்கும் நடுவே தயங்கிப் பறந்து, கடைசியில் அவள் தீட்டிய பூவில் போய் உட்கார்ந்தது.

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆய்வகத்தில் எலும்புக்கூட்டைத் தவிர யாரும் இல்லை. அதைப் பார்த்துக் கொஞ்சம் தலைநிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை படத்தில் முதல் இரண்டு பூ. நீர்த்த வண்ணத்தில் ஒரு பூச்சு. காயவிட்டு அடுத்த பூச்சு. அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் கணத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதைப் பத்து வருஷமாகச் செய்துவந்த கை அது. அதற்கு இது புதிது இல்லை. வெள்ளிக்கிழமை மற்ற இரண்டு பூவும் இலைகளும். வேலை முடிந்தபோது சோதனைக்குழாயில் இருந்த பூ சுருண்டுவிட்டிருந்தது. தாளில் இருந்த நாலும் விரிந்தே இருந்தன.

மத்தியானம் கணவன் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தான். அவன் வழக்கமாக ஏதாவது கேலி பேசுவான். இந்தத் தடவை உருப்பெருக்கியைப் பூவுக்குப் பூ நகர்த்திக்கொண்டே இருந்தான்.

"ஏய்... இது நீயா போட்டே?"

"ம்."

"சத்தியமா?"

"ம்."

"கல்யாணத்தப்போ உங்க வீட்டுல பாட்டுத் தெரியும், சமையல் தெரியும்னு என்னென்னமோ சொன்னாங்க. இதை ஒருத்தரும் சொல்லலையே!"

"எனக்கே யாரும் சொல்லலை" என்றாள் டீச்சர்.

அவன் மறுபடி குனிந்தான். "ஒண்ணு சொல்லட்டா? இதுக்குப் பக்கத்துல அந்த மேல் பூதான் மட்டமா இருக்கு. அதையும் நீயே போட்டுடு. அஞ்சும் ஒரே மாதிரி இருக்கும்."

டீச்சருக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்து அவன் பார்த்ததே இல்லை.

"அது ஒண்ணுதாங்க அசல். இருநூறு வருஷமா யார் கையும் படாம இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் தொட்டேன்னா நான் மனுஷியே இல்லை."

அவன் உருப்பெருக்கியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கலர் பிரிண்ட் வெளியே வந்தது, படம் உள்ளே போனது, ஆணிகள் அடிக்கப்பட்டன.

-

வெள்ளிக்கிழமை மாலை டாக்டர் கறுப்புக் கண்ணாடியை எடுக்கச் சொன்னார். மாமனார் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சுவருக்குப் போனார்.

டீச்சர் பின்னாலேயே போனாள்.

"அடேங்கப்பா!" என்றார் மாமனார். "என்ன நீலம்! என்ன நீலம்டா இது! இத்தனை வருஷமா இந்தப் பூவை நான் ஒழுங்கா பாக்கவே இல்லையே!"

"புரை இருக்கும்போது எல்லாம் மஞ்சளாத் தெரியும்ப்பா. எடுத்துட்டா நீலம்தான் தூக்கலாத் தெரியும்" என்றான் மகன். இது உண்மை. அந்த வாரம் அந்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரே உண்மை.

மாமனார் ஒவ்வொரு பூவாகப் பார்த்து உச்சிக்கு வந்தார். அங்கே அவர் முகம் கனிந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் இந்த மேல் பூவுக்கு ஈடு வராது."

டீச்சர் அவர் பார்வை நின்ற இடத்தைப் பார்த்தாள். அசல் எது என்று அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

-

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நிபுணர் வந்தார். நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கழுத்தில் ஒரு லென்ஸைத் தொங்கவிட்டிருந்த அம்மாள். புதுச் சட்டையில் நின்ற மாமனாரின் பேச்சை முதல் இடைவெளியிலேயே தாண்டிக்கொண்டு படத்துக்குப் போய்விட்டார்.

லென்ஸ் கீழிருந்து நகர ஆரம்பித்தது. டீச்சர் கதவுக்குப் பின்னால் பாதி உடம்போடு நின்றாள். கணவன் பக்கத்தில் நின்றான். மாமியார் சமையலறை வாசலில்.

"கீழே லேசா ஈரம் பட்டிருக்கு" என்றார் நிபுணர்.

"இருநூறு வருஷம்" என்றார் மாமனார்.

"இந்த வயசுக்கு அது சகஜம்தான்." லென்ஸ் முதல் பூவில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. "ஐயா, உங்களுக்கு இது எப்படித் தீட்டுவாங்கன்னு தெரியுமா?"

"கையால."

"கையாலதான். ஆனா ஒரு மேஜையைச் சுத்திப் பத்துப் பொண்ணுங்களை உட்காரவெப்பாங்க. நடுவுல ஒரு மாதிரித் தாள் இருக்கும். ஒருத்தி நீலம் மட்டும், அடுத்தவ பச்சை மட்டும். தாளைப் பாத்துத் தாள். பூவை ஒருத்தியும் கண்ணால பாத்திருக்க மாட்டா." அவர் நிமிர்ந்தார். குரல் மாறியிருந்தது. "இந்தப் பொண்ணு பூவைப் பாத்திருக்கா."

அவர் லென்ஸை மறுபடி பூவுக்குக் கொண்டுபோனார்.

"பாருங்க, நரம்போரத்துல ஒரு நீலம், விளிம்புல ஒரு நீலம். கீழ் இதழை எப்படி வெளிற விட்டிருக்கா! உசிருள்ள பூவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அது வாடறதுக்குள்ள போட்டிருக்கா. நாப்பது வருஷமா பூப்படம் பாக்கறேன், இப்படி ஒரு கையைப் பாத்ததில்லை. பேர் தெரிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்! பாவம், இவங்க பேரெல்லாம் எங்கேயும் இருக்காது."

விடை தெரிந்த பிள்ளையின் கை போல, டீச்சரின் வலது கை தானாக மேலே போனது. கணவன் அதைப் பிடித்து இறக்கினான். அவன் முகத்திலும் சிரிப்பை அடக்க முடியாத பெருமை.

"பிரிச்சுப் பின்பக்கமும் பாக்கலாமா?" என்று கேட்டார் நிபுணர்.

மூட்டு வலி டீச்சருக்கு வந்தேவிட்டது. பின்பக்கத்தை அழிக்க அவள் மறந்தே போயிருந்தாள்.

"கூடாது!" என்றார் மாமனார், யாரும் எதிர்பாராத வேகத்தில். "இதுவரைக்கும் ஒரு கை படலை. இனியும் படாது."

"சரி ஐயா, சரி. முன்பக்கமே போதும்." லென்ஸ் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. உச்சிப் பூவுக்கு வந்ததும் நிபுணர் முகத்தைச் சுளித்தார். "அடடா."

"என்ன?" என்றார் மாமனார்.

"இந்த மேல் பூ மட்டும் அசல் இல்லை. பின்னால யாரோ போட்டிருக்காங்க."

"என்ன சொல்றீங்க?"

"நாலும் ஒரு கை, இது வேற கை. கத்துக்குட்டி. பூவையும் பாக்கலை, பக்கத்துப் பூவையும் பாக்கலை. ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கற மாதிரி அடிச்சு வெச்சிருக்கான்."

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டாள். நாலு பொய்யை மெய் என்றும், இருந்த ஒரே மெய்யைப் பொய் என்றும் இந்த அம்மாள் சொல்கிறார். நாற்பது வருஷ அனுபவத்தோடு சொல்கிறார்.

மாமனாரின் முகம் சிவந்துவிட்டது. "அந்தப் பூவுக்கு என்ன குறைச்சல்? எவ்வளவு பொறுமையாப் போட்டிருக்கு! கோட்டை விட்டு ஒரு மயிரிழை வெளியே போயிருக்கா? அளந்து பாருங்க!"

"கோட்டுக்குள்ள இருந்தா மட்டும் போதுமா ஐயா? அதுல ஜீவனே இல்லையே." நிபுணர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "பரவாயில்லை. இந்த நாலு பூவுக்காகவே இது முதல் சுவர்ல இருக்கணும். உங்க குடும்பத்துப் பேர் போடறோம். கீழே ஒரு வரி மட்டும் சேர்ப்போம்: 'மேல் பூ, பிற்காலத்தில் தேர்ச்சியற்ற ஒருவரால் கெடுக்கப்பட்டது.' அது எங்க வழக்கம். இங்க ஒரு கையெழுத்து."

மாமனார் படிவத்தை வாங்கினார். படித்தார். நாலாக மடித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"படம் எங்கேயும் வராது."

"ஐயா, முதல் சுவர்..."

"எந்தச் சுவரும் வேண்டாம். அந்தப் பூவை அப்படிச் சொன்ன வாயோட நீங்க இன்னொரு நிமிஷம் இந்தக் கூடத்துல நிக்க வேண்டாம். போயிட்டு வாங்க."

நிபுணர் லென்ஸைப் பைக்குள் போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போதும் ஒருமுறை திரும்பி அந்த நாலு பூவைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

-

மாமனார் ஈஸிசேரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காபி வேண்டாம் என்றார். சாப்பாடு வேண்டாம் என்றார். புதுச் சட்டையின் பட்டனை ஒன்று ஒன்றாகக் கழற்றினார்.

"நிபுணராம், நிபுணர்!" கணவன் படுக்கையறையில் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்க கடைக்கு வரச்சொல்லு, நல்ல கண்ணாடியா ஒண்ணு போட்டு விடறேன். ஆனா ஒண்ணு, உன்னை என்னமாப் புகழ்ந்தாங்க!"

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிரிக்காதீங்க. எவ்வளவு பெரிய மனுஷர் அவர்! முதல் சுவர், குடும்பப் பேர், எல்லாத்தையும் வேண்டாம்னுட்டார். எதுக்கு? அந்த ஒரு அசல் பூவை ஒருத்தர் தப்பாப் பேசிட்டாங்கன்னு. இவ்வளவு படிச்ச நிபுணருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அவரை ஒரு வாரமா ஏமாத்திட்டிருக்கேன்."

"என்ன பண்ணப் போறே?"

"சொல்லிடப் போறேன்."

"அப்பாகிட்டயா?"

அந்தத் தைரியம் வரவில்லை. அவள் சமையலறைக்குப் போனாள். மாமியார் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் எதிரே உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சோடாவை, வினிகரை, ஹேர் டிரையரை, மூட்டு வலியை, கட்டை விரலை, நாலு பூவை.

மாமியார் பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை.

"அந்த அம்மா புகழ்ந்தாங்களே, அந்த நாலும் நீ போட்டதா?"

"ஆமா அத்தை."

"நாலுமா?"

"நாலும்."

மாமியார் முதல்முறையாக நிமிர்ந்து மருமகளின் விரல்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவளுடைய கையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மேல் பூவை மட்டும் நான் தொடவே இல்லை அத்தை. சத்தியமா. அது அசல். அதைத்தான் அந்த அம்மா அப்படிச் சொல்லிட்டாங்க. மாமாவுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்! நான் போய் அவர் கால்ல விழுந்து..."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், உக்காரு" என்றார் மாமியார். கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உன் புருஷன் கைக்குழந்தையா இருந்தப்போ பால் கொட்டி அழிஞ்ச அந்த மேல் பூவை, மூணு நாள் ஆபீசுக்கு லீவு போட்டு உக்காந்து வரைஞ்சவரே அவர்தாம்மா."